632 ஆண்டுகள் எழும்பிய கோயில்

கொலோன் நகரின் மத்திய ரயில் நிலையத்திலிருந்து முதன்முறை வெளியே வருபவர்கள் வாசலைத் தாண்டியதும் நின்றுவிடுகிறார்கள். படிக்கட்டுகளுக்கு மேலே, கழுத்து வலிக்க அண்ணாந்தாலும் முழுதாகக் கண்ணில் அடங்காத இரட்டைக் கோபுரங்கள். புகையும் மழையும் பட்டுக் கறுத்த கல். உயரம் 157 மீட்டருக்குச் சற்று மேல். பெரும்பாலான பயணிகள் அங்கேயே ஒரு படம் எடுத்துக்கொண்டு, கிட்டத்தட்ட எண்ணூறு வருடத்துக் கோயில் என்று வியந்தபடி உள்ளே போகிறார்கள்.

அந்தக் கோபுரங்களுக்கு அவ்வளவு வயதில்லை. அவை கட்டி முடிந்த ஆண்டு 1880. கோயிலின் முதுகுப்புறம் ரைன் நதியைக் கடந்து வரும் ரயில் பாதையும் அதன் முதல் பாலமும் 1859இலேயே திறக்கப்பட்டுவிட்டன. ஆக, ரயில்தான் மூத்தது. 1248இல் தொடங்கிய வேலை 1880இல் முடிந்தது. இடைப்பட்ட 632 ஆண்டுகளில் ஏறக்குறைய 300 ஆண்டுகள் வேலை அடியோடு நின்று கிடந்தது. கொலோன் பேராலயத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த 300 ஆண்டுகளைப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகு வேறொரு காலத்து மனிதர்கள் ஏன் மறுபடி உளியெடுத்தார்கள் என்பதையும்.

எல்லாம் எலும்புகளில் தொடங்கியது. 1162இல் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா இத்தாலியின் மிலான் நகரைப் பணியவைத்தார். அவருடைய தலைமை அமைச்சரும் கொலோன் பேராயருமான ரைனால்ட் ஃபான் டாசெல், மிலானின் பெருஞ்செல்வம் ஒன்றைத் தன் நகருக்குக் கொண்டுவந்தார். விண்மீனைப் பின்தொடர்ந்து குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ராஜாக்களுடையவை என்று நம்பப்பட்ட திருப்பண்டங்கள் அவை. தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஜனவரி 6இல் விழா எடுக்கும் அதே கஸ்பார், மெல்கியோர், பல்தசார். 1164 ஜூலையில் திருப்பண்டங்கள் கொலோனுக்குள் நுழைந்த நாள் முதல் அந்த நகரின் தலையெழுத்து மாறியது.

அவற்றை வைக்க ஒரு பேழை செய்யப்பட்டது. வெர்டன் ஊரைச் சேர்ந்த நிக்கோலஸ் என்ற பொற்கொல்லரும் அவருக்குப் பின் கொலோன் பட்டறைகளும் 1190 வாக்கில் தொடங்கி 1225 வரை அதில் உழைத்தார்கள். பொன் தகடு, வெள்ளி, எனாமல், அரிய கற்கள். நீளம் 2.2 மீட்டர், உயரம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர், உருவம் ஒரு சிறிய தேவாலயம். ஆகன் நகரில் முடிசூடிய ஜெர்மன் அரசர்கள் அடுத்தபடியாக இங்கே வந்து வணங்கிவிட்டுப் போவது வழக்கமாயிற்று. அரசர்களே வரும் இடத்துக்கு மக்கள் வராமல் இருப்பார்களா? யாத்திரிகர்கள் பெருகினார்கள், காணிக்கை பெருகியது, வணிகம் பெருகியது. கொலோன் நகரச் சின்னத்தில் இன்றும் மூன்று மகுடங்கள் இருக்கின்றன.

பொற்பேழைக்குப் பழைய பேராலயம் பொருத்தமாகப் படவில்லை. அதைப் பகுதி பகுதியாக அகற்றிவிட்டுப் புதிதாகக் கட்டத் திட்டமிட்டார்கள். 1248 ஏப்ரலில், இடிப்பு வேலைக்காக மூட்டிய நெருப்பு கைமீறிப் பழைய கோயிலையே பெரிதும் விழுங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாளன்று பேராயர் கோன்ராட் ஃபான் ஹோக்ஸ்டாடென் புதுக் கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். முதல் தலைமைச் சிற்பி கேர்ஹார்ட். அவர் மனத்தில் இருந்தது பிரான்சின் அமியான் பேராலயம். அங்கே 1220இல் தொடங்கிய வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. கோதிக் பாணியை ஜெர்மானியர்களே தங்கள் சொந்தப் பாணி என்று பிற்காலத்தில் உரிமை கொண்டாடப்போகிறார்கள். ஆனால் இந்தக் கோயிலின் மூலம் பிரெஞ்சு மண்ணில்தான் இருக்கிறது.

கோதிக் கட்டடத்தின் சூட்சுமம் சுவரை ஓய்வெடுக்க விடுவதுதான். கூரையின் வளைவுகள் கூராகச் சந்திக்கின்றன. எடையையும் பக்கவாட்டு உந்துதலையும் கல் விலா எலும்புகள் தூண்களுக்குக் கடத்துகின்றன. வெளியே அந்தரத்தில் பாயும் தாங்கு வளைவுகள் அந்த உந்துதலை வாங்கித் தரைக்கு இறக்கிவிடுகின்றன. இடையில் சுவருக்கு வேலையே இல்லை. அங்கே கண்ணாடியை நிறுத்தலாம். கொலோனில் நடுமண்டபத்தின் உட்கூரை 43 மீட்டருக்கு மேல் நிற்பது இப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத பாதி நிலத்துக்கடியில் இருக்கிறது: கோபுரங்களின் அடித்தளம் 15 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது.

கல் ரைன் நதியில் வந்தது. ஆற்றின் மேல்பக்கம் ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் டிராஹென்ஃபெல்ஸ் என்ற குன்று. அதில் வெட்டிய எரிமலைப் பாறையான டிராகைட்டைப் படகிலேற்றி, நீரோட்டத்தோடு கொலோனுக்கு இறக்கினார்கள். நதி மட்டும் இல்லையென்றால் இத்தனை கல்லைக் கொண்டுவர அந்தக் காலத்தில் எந்தப் பேராயரிடமும் பணம் இருந்திருக்காது.

முதலில் கட்டியது கிழக்குப் பகுதியை, அதாவது தலைமைப் பீடம் இருக்கும் பகுதியை. மேற்கே தற்காலிகச் சுவர் ஒன்றை எழுப்பி அடைத்துவிட்டு, 1322 செப்டம்பர் 27 அன்று அதை மட்டும் அர்ச்சித்துத் திறந்தார்கள். அதற்குள் 74 ஆண்டுகள் ஓடிவிட்டன. அடிக்கல் நாட்டியதைக் கண்ட எவரும் அந்த நாளில் உயிரோடு இருந்திருக்க வாய்ப்பில்லை. இன்று உள்ளே போய்த் தூண்களிடையே கிழக்கு நோக்கி நடப்பவர் உண்மையான இடைக்காலத்துக்குள் போகிறார். 1308 முதல் 1311 வரை ஓக் மரத்தில் செய்த 104 இருக்கைகள் அங்கே இருக்கின்றன. பழைய கோயிலிலிருந்து வந்த கேரோ சிலுவை இந்தக் கட்டடத்தைவிடவே மூத்தது. பத்தாம் நூற்றாண்டில் செதுக்கிய ஆளுயர மரச் சிற்பம் அது. இறந்துபோன இயேசுவின் தலை சாய்ந்து, வயிறு தளர்ந்திருக்கும் விதத்தைப் பார்ப்பவர்கள் அங்கிருந்து நகர நேரமாகும்.

அதே பழைய பகுதியில், பயண வழிகாட்டிகள் பலரும் வேகமாகக் கடந்துபோகும் ஒரு கல் இருக்கிறது. 1266இல் பேராயர் இரண்டாம் எங்கல்பெர்ட் கொலோன் யூதர்களுக்கு அளித்த உரிமைகளைப் பொறித்த கல்வெட்டு அது. தங்கள் இடுகாட்டில் தடையின்றி அடக்கம் செய்யலாம், அந்த இடுகாட்டில் யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்பன போன்ற வாக்குறுதிகள் அதில் உள்ளன. கல்லில் பொறித்த வாக்குக்கு 83 ஆண்டுகள்தான் ஆயுள். 1349 ஆகஸ்டில், கொள்ளைநோய் நெருங்கிக்கொண்டிருந்த காலத்தில், கொலோன் யூதர் குடியிருப்பு தாக்கப்பட்டு எரிந்தது. பின்னர் திரும்பிவந்து குடியேறியவர்களையும் 1424இல் நகரம் வெளியேற்றியது. அவர்களுடைய தொழுகைக் கூடம் நகர மன்றத்தின் சிற்றாலயமாக மாற்றப்பட்டது. அந்தச் சிற்றாலயத்துக்காக 1440களில் ஸ்டெஃபான் லோக்னர் தீட்டியதுதான், மூன்று ராஜாக்கள் மாதாவை வணங்கும் புகழ்பெற்ற பீட ஓவியம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பேராலயத்துக்கு இடம்பெயர்ந்தது.

ஆக, உரிமை தந்த கல்லும், அந்த உரிமை பறிபோன இடத்தில் தோன்றிய ஓவியமும் இன்று ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. மர இருக்கைகளில் யூதர்களை இழிவுபடுத்தும் செதுக்கல் ஒன்றும் இருக்கிறது. லோக்னரின் நீலத்தையும் பொன்னையும் பார்த்து மயங்குவது எளிது. மயங்கத்தான் வேண்டும், அவ்வளவு அழகு. ஆனால் அது எங்கே மாட்டுவதற்காக வரையப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டு பார்ப்பதே அந்த ஓவியத்துக்கும் அந்த மக்களுக்கும் செய்யும் நியாயம்.

பேராயர்களின் கதையும் நேர்க்கோட்டில் போகவில்லை. 1288இல் வோரிங்கன் போரில் பேராயர் தோற்றார். நகரின் ஆட்சி குடிமக்கள் கைக்குப் போனது. கோயில் கட்டுவோருக்கும் நகரை ஆளுவோருக்கும் ஒத்துப்போகாத நகரிலேயே வேலை தொடர்ந்தது. 1360 வாக்கில் தெற்குக் கோபுரத்தைத் தொடங்கினார்கள். அதன் அடியிலுள்ள பேதுரு வாசல்தான் முகப்பு வாசல்களில் இடைக்காலத்திலேயே செதுக்கப்பட்ட ஒன்று. கோபுரம் இரண்டு தளங்கள் ஏறி, 60 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் நின்றது. அதன் தலைமேல் ஒரு மரக் கிரேன் நின்றது. மனிதர்கள் சக்கரத்துக்குள் நடந்து மிதித்துக் கல்லை மேலேற்றும் பொறி அது.

பிறகு பணம் வற்றியது. புரோட்டஸ்டண்ட் சீர்திருத்த இயக்கத்தின் காலத்தில் யாத்திரையும் காணிக்கையும் குறைந்தன. வளைவும் கூர்முனையும் பழைய பாணியாகிப் போயின. 1520களிலேயே வேலை ஏறக்குறைய ஓய்ந்தது. 1560இல் பேராலயக் குருக்கள் மன்றம் கட்டுமானத்துக்கான பணத்தை முறைப்படி நிறுத்தியது. கிழக்கே முழு உயரத்தில் முடிந்த ஒரு பகுதி, மேற்கே பாதிக் கோபுரம், நடுவே தாழ்வான தற்காலிகக் கூரைகள், வடக்குக் கோபுரம் இருக்க வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கிரேனை யாரும் இறக்கவில்லை.

அந்த உருவம் ஊரின் முகமாகிவிட்டது. 1531இல் ஆன்டன் வூன்சாம் மரச்செதுக்கு அச்சில் வெளியிட்ட நகரின் நீண்ட காட்சியில் கிரேனோடு கூடிய மொட்டைக் கோபுரம் தெளிவாகத் தெரிகிறது. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் கிரேனைப் பார்த்தே வளர்ந்தார்கள். 1810களில் அதன் உளுத்த கையைக் கழற்றியபோது ஊர் மனம் ஒப்பவில்லை. 1819இல் புதிய கை பொருத்தப்பட்டது. கல் ஏற்றும் வேலை எதுவும் அப்போது அதற்கு இல்லை. தங்கள் முன்னோர் தொடங்கியதை ஒருநாள் முடிப்போம் என்ற சொல் அந்த மரத்தில்தான் நின்றுகொண்டிருந்தது என்று மக்கள் கருதியிருக்க வேண்டும்.

நின்றுபோன வேலைக்குக் கதைகளும் பிறந்தன. தலைமைச் சிற்பி கேர்ஹார்ட் சாத்தானோடு பந்தயம் கட்டினாராம்: கோயில் முந்துமா, தொலைவிலிருந்து கொலோனுக்குச் சாத்தான் கொண்டுவரும் நீர்க்கால்வாய் முந்துமா? கால்வாயில் தண்ணீர் வந்ததைக் கண்டு கேர்ஹார்ட் சாரத்திலிருந்து குதித்துவிட்டார் என்று கதை முடியும். கோயில் முடிகிற நாளில் உலகம் அழியும் என்ற சொலவடையும் இன்றுவரை கொலோனில் வழங்குகிறது.

1790இல் கேயார்க் ஃபோர்ஸ்டர் என்ற எழுத்தாளர் இளம் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்டோடு ரைன் கரையில் பயணம் செய்தபோது இங்கே வந்தார். கிழக்குப் பகுதியின் தூண்களை அவர் ஒரு பழங்காட்டின் மரங்களாகக் கண்டு எழுதினார். முடியாமல் கிடப்பதற்காக வருந்தினார். கோதிக் கட்டடத்தைக் காட்டுமிராண்டி வேலை என்று படித்தவர்கள் ஒதுக்கிய காலத்தில் அது புதிய குரல். ஆனால் நான்கே ஆண்டுகளில், 1794 அக்டோபரில், பிரெஞ்சுப் புரட்சிப் படை நகருக்குள் வந்தது. பேராயரும் குருக்களும் ஏற்கெனவே வெளியேறியிருந்தார்கள். மூன்று ராஜாக்களின் பேழை வெஸ்ட்ஃபாலியாவின் ஆர்ன்ஸ்பெர்க்கில் ஒளிந்தது. பேராலயம் தீவனக் கிடங்காகவும் போர்க் கைதிகளை அடைக்கும் இடமாகவும் பயன்பட்டது. பேழை திரும்பி வந்தபோது சேதமடைந்திருந்தது. ஒரு பகுதி குறைத்துத்தான் அதைச் செப்பனிட முடிந்தது.

மீட்சிக்கு ஒரு மனிதரின் பிடிவாதம் காரணம். கொலோன் வணிகக் குடும்பத்தில் பிறந்த சுல்பிட்ஸ் புவாஸ்ரே, இடிந்துகொண்டிருந்த கோயிலை இளவயதிலேயே அளந்து வரையத் தொடங்கினார். முடிந்த நிலையில் அது எப்படி இருக்கும் என்று பெரிய செதுக்குப் படங்கள் தயாரித்துக் கவிஞர் கோத்தே முதல் பிரஷ்யாவின் பட்டத்து இளவரசர் வரை காட்டினார். 1814இல் நெப்போலியன் வீழ்ந்தபின் யோசெஃப் கோரெஸ் தன் பத்திரிகையில், ஜெர்மானியர்கள் இந்தக் கோயிலை முடிக்க வேண்டும் என்று அறைகூவல் விடுத்தார். அதே ஆண்டு ஒரு பெரும் அதிர்ஷ்டம் வாய்த்தது.

டார்ம்ஷ்டாட் நகரில் ஒரு விடுதியின் பரணில் மிகப் பெரிய தோல் வரைபடம் ஒன்று கிடைத்தது. அவரைக்காய் உலர்த்துவதற்கு அதைப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லப்படுகிறது. கட்டடக் கலைஞர் கேயார்க் மோலர் பார்த்தவுடன் புரிந்துகொண்டார்: கொலோன் மேற்கு முகப்பின் மூல வரைபடத்தில் பாதி. பிரெஞ்சுப் படையெடுப்பின்போது சிதறிய பேராலய ஆவணங்களில் ஒன்று. மறு பாதியை 1816இல் புவாஸ்ரே பாரிசில் கண்டுபிடித்தார். இரண்டையும் சேர்த்தால் உயரம் நான்கு மீட்டருக்கு மேல். 1280 வாக்கில் மையால் வரைந்த அந்தக் கோடுகளில் இரண்டு கோபுரங்களும் உச்சிவரை, ஒவ்வொரு சன்னலும் ஒவ்வொரு கூர்முனையும் துல்லியமாக இருந்தன. இன்று அது பேராலயத்தின் சிற்றாலயம் ஒன்றில், வெளிச்சம் படாமல் திரைக்குப் பின்னால் தொங்குகிறது. பேழையைப் பார்க்க வரிசையில் நிற்பவர்கள் பத்து நிமிடம் அதற்கும் ஒதுக்க வேண்டும்.

வரைபடம் கிடைத்தாலும் வேலை அரசியலுக்காகக் காத்திருந்தது. 1815இல் ரைன் நாடு பிரஷ்யாவின் கைக்கு வந்தது. ஆள்பவர்கள் புரோட்டஸ்டண்டுகள், மக்கள் கத்தோலிக்கர்கள். கலப்புத் திருமணத்தில் பிறக்கும் குழந்தைகளை எந்த மதத்தில் வளர்ப்பது என்ற தகராறில் 1837இல் பிரஷ்ய அரசு கொலோன் பேராயரையே கைது செய்தது. காயம் ஆற வேண்டியிருந்தது. 1840இல் பட்டமேறிய நான்காம் பிரெடெரிக் வில்லியம் இளவரசராக இருந்தபோதே புவாஸ்ரேயின் படங்களில் மனம் பறிகொடுத்தவர். 1842 செப்டம்பர் 4 அன்று இரண்டாவது அடிக்கல்லை அவர் நாட்டினார். அரசு ஆண்டுக்கு 50,000 தாலர் தருவதென்று முடிவாயிற்று. அதே ஆண்டு குடிமக்கள் ஒரு கட்டுமானச் சங்கம் அமைத்தார்கள். கத்தோலிக்கரோடு புரோட்டஸ்டண்டுகளும், ஓப்பன்ஹைம் வங்கிக் குடும்பத்தைப் போன்ற யூதர்களும் அதற்குத் துணைநின்றார்கள். சங்கம் 1860களில் பரிசுச்சீட்டு நடத்திக் கோபுரங்களுக்குப் பணம் திரட்டியது. பாரிசில் அமைந்த துணைச் சங்கத்துக்கு முதலில் துணைத் தலைவராக இருந்தவர் கவிஞர் ஹைன்ரிஷ் ஹைன. இரண்டே ஆண்டுகளில் அவர் மனம் மாறி, இந்தக் கோயில் முடியவே முடியாது என்று தன் நெடுங்கவிதையில் எழுதினார். அந்தக் கணிப்பு பலிக்கவில்லை.

தலைமைப் பொறுப்பில் இருந்த எர்ன்ஸ்ட் ட்ஸ்விர்னர் நூற்றுக்கணக்கான கல்தச்சர்களைப் பயிற்றுவித்தார். மறந்துபோன கைவேலையை ஏறக்குறைய முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. வெளித்தோற்றத்தில் பழைய வரைபடத்தைக் கோடு பிசகாமல் பின்பற்றியவர்கள், கண்ணுக்குத் தெரியாத கூரைச் சட்டத்துக்குத் தங்கள் காலத்து இரும்பைத் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். ஈஃபிள் கோபுரத்துக்கு ஒரு தலைமுறை முந்திய அந்த இரும்புச் சட்டம் இன்றும் கூரையைத் தாங்குகிறது. போரில் நெருப்புக்குண்டுகள் விழுந்தபோது மரச் சட்டமாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப்பார்க்கலாம்.

கல் விஷயத்தில் ஒரு சிக்கல். டிராஹென்ஃபெல்ஸ் குன்றில் தொடர்ந்து கல் வெட்டினால் உச்சியிலுள்ள பழைய கோட்டையின் இடிபாடு சரிந்துவிடும் என்ற நிலை வந்தபோது, 1836இல் பிரஷ்ய அரசு உச்சியை விலைக்கு வாங்கிக் கல் வெட்டுவதை நிறுத்தியது. ஜெர்மனியில் இயற்கைக் காப்பின் தொடக்கங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். பழமையின் மேல் கொண்ட எந்தக் காதல் கோயிலை முடிக்கச் சொன்னதோ, அதே காதல் கோயிலின் தாய்க்குன்றைத் தொடவிடவில்லை. கட்டுவோர் வேறு வேறு இடங்களிலிருந்து கல் தருவித்தார்கள். ஸ்வாபியாவின் ஷ்லைட்டோர்ஃப் மணற்கல் செதுக்க இணக்கமாக இருந்தது. அது காற்றிலுள்ள அமிலத்துக்கு ஈடுகொடுக்காது என்பது பிறகுதான் தெரிந்தது.

1850இல் இசையமைப்பாளர் ஷூமன் பாதி எழும்பிய கோயிலைப் பார்த்துவிட்டுப் போய்த் தன் மூன்றாம் சிம்பனியின் நான்காம் பகுதியை அந்த மனநிலையில் எழுதினார். 1863இல் உள்ளே, 1322க்கு முன் எழுப்பிய தற்காலிகச் சுவரை இடித்தார்கள். ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் 'தற்காலிகமாக' நின்ற சுவர் அது. முதல் முறையாக, 144 மீட்டர் நீளமும் ஒரே பார்வையில் தெரிந்தது. 1868இல், கோபுரம் மேலே வளர வழிவிட்டுக் கிரேனையும் கழற்றினார்கள். ட்ஸ்விர்னர் அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார். பொறுப்பு ரிஷார்ட் ஃபாய்க்டெலிடம் இருந்தது.

1880 அக்டோபர் 15 அன்று பேரரசர் முதலாம் வில்லியம் முன்னிலையில் தெற்குக் கோபுரத்தின் உச்சிப் பூவில் கடைசிக் கல் வைக்கப்பட்டது. உலகிலேயே உயர்ந்த கட்டடம் அதுவரை 151 மீட்டர் கொண்ட ரூவான் பேராலயம், இனி கொலோன். நான்கே ஆண்டுகளில் வாஷிங்டன் நினைவுத்தூண் அதை முந்தியது. ஆனால் விழாவில் ஒருவர் இல்லை: கொலோன் பேராயர் பவுலுஸ் மெல்ஹர்ஸ். கத்தோலிக்கத் திருச்சபையோடு ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க் நடத்திய மோதலில் சிறைப்பட்டு, பிறகு நெதர்லாந்துக்குத் தப்பிச் சென்றிருந்தார். உள்ளூர்க் கத்தோலிக்கர் பலரும் விழாவிலிருந்து விலகி நின்றார்கள். 632 ஆண்டுகள் காத்திருந்து முடித்த கோயிலில், கோயிலுக்குரியவர் இல்லாமல் விழா நடந்தது.

இந்தப் பின்கதை தெரிந்த சிலர், கோபுரங்கள் 19ஆம் நூற்றாண்டின் நகல் என்று உதட்டைப் பிதுக்குவதுண்டு. அது சரியான மதிப்பீடாகத் தெரியவில்லை. தங்கள் காலத்தின் ரசனைக்கேற்ப ஒரு கோபுரத்தைக் கட்டிவிடுவது அந்தக் கலைஞர்களுக்கு எளிதாக இருந்திருக்கும். 600 ஆண்டுகள் முன்பு இறந்த, பெயர்கூட உறுதியாகத் தெரியாத ஒருவரின் கோட்டுக்குத் தங்கள் கையை ஒப்புக்கொடுத்தார்கள். மேற்கு முகப்பில் பழைய தளங்களுக்கும் புதிய தளங்களுக்கும் இடையே தையலைத் தேடுபவர் மிகவும் சிரமப்பட வேண்டியிருக்கும்.

மணிகளின் கதை வேறு விதம். 1870-71 போரில் பிடிபட்ட பிரெஞ்சுப் பீரங்கிகளை உருக்கி, 27 டன் எடையில் பேரரசர் மணி வார்க்கப்பட்டது. ஒலி சரியில்லை என்று இரண்டு முறை திருப்பிவிட்டு 1874இல் மூன்றாம் வார்ப்பை ஏற்றார்கள். 1918இல், முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில், அதை இறக்கி மறுபடி போருக்கே கொடுத்தார்கள். அதன் இடத்துக்கு 1923இல் ஆப்போல்டாவில் ஹைன்ரிஷ் உல்ரிஷ் வார்த்த 24 டன் பேதுரு மணி வந்தது. கொலோன்காரர்கள் 'குண்டு பீட்டர்' என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். 2011 ஜனவரி 6 அன்று, மூன்று ராஜாக்கள் திருநாளிலேயே, அதன் நாக்கு முறிந்து மணிக்கூடத்தில் விழுந்தது, யாருக்கும் காயமில்லை. தெற்குக் கோபுரத்தின் 533 படிகளை ஏறுபவர்கள் வழியில் அந்த மணியைப் பார்க்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் கோயிலை விமானிகள் வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள் என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் 14 கனரகக் குண்டுகள் அதை நேரே தாக்கின. நடுமண்டபத்தின் உட்கூரை பல இடங்களில் இடிந்து விழுந்தது. பேழையையும் பழைய கண்ணாடிகள் பலவற்றையும் முன்கூட்டியே அகற்றியிருந்தார்கள். 1943 நவம்பரில் வடக்குக் கோபுரத்தின் அடித்தூணில் குண்டு விழுந்து பெரும்பள்ளம் உண்டானது; கோபுரம் சரிந்துவிடாமல் இருக்க அவசரமாகச் செங்கல்லால் அடைத்தார்கள். 1945 மார்ச் 6 அன்று அமெரிக்கப் படை நகருக்குள் வந்தபோது பேராலயத்தின் வாசலருகே டாங்கிகள் மோதிக்கொண்டன. சுற்றிலும் இடிபாடு, நடுவே கோபுரங்கள்: அந்தப் படம் உலகமெங்கும் போனது. செங்கல் அடைப்பு போரின் வடுவாக அப்படியே இருக்கட்டும் என்று பலர் வாதிட்டார்கள்; 2005 வாக்கில்தான் அது செதுக்கிய கல்லால் மூடி முடிக்கப்பட்டது.

போரில் போன கண்ணாடிகளில் ஒன்று தெற்குக் குறுக்கு மண்டபத்தின் பெருஞ்சன்னல். 2007இல் ஓவியர் கெர்ஹார்ட் ரிஷ்டர் அதற்கு 72 நிறங்களில் 11,000க்கு மேற்பட்ட சிறு சதுரங்களைத் தந்தார். புனிதர்களின் உருவமே இல்லை. நிறங்கள் பெரும்பாலும் கணினி குலுக்கிப்போட்ட வரிசையில் அமைந்தவை. அப்போதைய பேராயர் கர்தினால் மைஸ்னர், இது மசூதிக்குப் பொருத்தம் என்று வெளிப்படையாகவே சொன்னார். வெயில் உள்ள நாளில் அந்தச் சன்னலின் நிறங்கள் பழைய தூண்கள்மேல் படர்வதைக் காண்பவர்களுக்குக் கர்தினாலோடு உடன்படுவது கடினம்.

1996இல் பேராலயம் உலக மரபுச் சின்னமானது. எதிர்க்கரையில் உயர்கட்டடங்கள் எழுந்து காட்சியை மறைக்கப் போவதைக் கண்ட யுனெஸ்கோ 2004இல் அதை ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. நகரம் திட்டங்களைக் குறைத்துக்கொண்டதும் 2006இல் நீக்கியது.

சாரம் மட்டும் இறங்கவே இல்லை. பேராலயத்துக்கென்றே கல்தச்சர், சிற்பி, தச்சர், கொல்லர், கண்ணாடிக் கலைஞர் அடங்கிய பட்டறை ஒன்று ஆண்டு முழுவதும் இயங்குகிறது. நீராவி ரயில்களின் புகையும் தொழிற்சாலைக் காற்றும் தின்ற ஷ்லைட்டோர்ஃப் கல்லை அவர்கள் ஒவ்வொன்றாகக் கழற்றி, அளந்து, புதுக்கல்லில் மறுபடி செதுக்கி ஏற்றுகிறார்கள். இதைப் போன்ற ஐரோப்பியப் பேராலயப் பட்டறைகளின் கைத்திறனை 2020இல் யுனெஸ்கோ காக்கத்தக்க நல்வழக்கமாகப் பதிவு செய்தது. 1999 முதல் 2012 வரை இந்தப் பட்டறைக்குத் தலைவராக இருந்த பார்பரா ஷோக்-வெர்னர், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண்.

மூலச் சிற்பத்தின் அடையாளமே தெரியாத அளவு அரித்துப்போன இடங்களில் சிற்பிகளுக்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. அங்கே அவர்கள் தங்கள் காலத்தைச் செதுக்குகிறார்கள். போருக்குப் பிந்திய வேலைகளில் கென்னடி, குருஷ்சேவ், தெகால், மேக்மில்லன் ஆகிய அரசியல் தலைவர்கள் நால்வரின் தலைகள் இருக்கின்றன. கொலோன் கால்பந்து அணியின் ஆட்டக்காரர்களும் கார்னிவல் நடனப்பெண்ணும் இருக்கிறார்கள். அவை அமைந்திருப்பது தரையிலிருந்து பார்த்தால் எளிதில் தெரியாத உயரத்தில். கூரைப் பகுதிக்கு அழைத்துப்போகும் வழிகாட்டிச் சுற்றுலாவில் சேர்ந்தவர்களுக்கு அவற்றில் சிலவற்றைத் தேடிப்பார்க்க வாய்ப்புண்டு.